வருடந்தோறும் சளிக்காய்ச்சல் ஊசி: தாதியரின் எதிர்ப்பாற்றல் குறைகிறதா?

வாசகி ஒருவரின் கேள்வி, 27 ஏப்ரல் 2025

தாதியாகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு முறை சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். ஏழாவது அடுத்த மாதம். ஆண்டுதோறும் போட்டால் உடம்பு ஊசிக்குப் பழகிப்போய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்கிறார் என்னுடன் வேலை செய்யும் தோழி. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எல்லோரும் போடுகிறார்கள், நீயும் போட்டுக்கொள்" என்று முடித்துவிட்டார். உண்மை என்ன அக்கா?

27 ஏப்ரல், இரவு 11.20

குறையாது. தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

29 ஏப்ரல், காலை 8.45

இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வரும்போது முந்தாநாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? அந்தப் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்பதை அல்ல, "குறையாது" என்று ஒரே சொல்லில் அடைத்ததை.

உங்கள் தோழி சொன்னதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. உடம்பின் பொதுவான எதிர்ப்பாற்றல் தேய்ந்து, கண்ட கிருமியும் புகுந்துவிடும் என்பது ஒன்று. அப்படி நடப்பதில்லை. ஊசிக்குப் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம்) ஏறும் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்பது மற்றொன்று. அது உண்மை. மெல்பர்னில் மருத்துவமனை ஊழியர்களிடமே இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி ஊசி போட்டவர்களிடம் அந்த ஏற்றம் சிறியதாகவே இருந்தது.

ஏற்றம் சிறியது என்றவுடன் பயப்பட வேண்டாம். எதிர்ப்பொருளை அளக்கும்போது இரத்தத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் எதிர்ப்பொருள் வேலை செய்கிறது என்பதே அளவு. 1:40 என்ற அளவை எட்டியவருக்குச் சுமார் பாதி பாதுகாப்பு என்பது பழைய கணக்கு. முதல் முறை போடுபவர் 1:5இல் தொடங்கி 1:80ஐ எட்டினால் அது 16 மடங்கு. உங்களைப் போன்றவர் 1:80இல் தொடங்கி 1:160ஐ எட்டினால் இரண்டே மடங்கு. மடங்கைப் பார்த்தால் நீங்கள் தோற்றவர் போலத் தெரியும். ஆனால் உயரத்தில் நிற்பது நீங்கள்தான்.

இன்னும் எழுத வேண்டும். கண் சொக்குகிறது.

1 மே, மாலை 4.10

தொழிலாளர் தினம், விடுப்பு. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன கணக்கு பாதி ஆறுதல்தான். சில ஆண்டுகளில் மடங்கு மட்டுமல்ல, கடைசியில் எட்டும் உயரமே குறைவாக இருந்திருக்கிறது. அதை மறைத்தால் உங்கள் தோழிக்கு நான் நியாயம் செய்தவள் ஆக மாட்டேன்.

இந்தச் சந்தேகம் இணையத்தில் பிறந்த வதந்தி என்று சிங்கப்பூரில் என் வார்டில் பலர் நினைக்கிறார்கள். இதற்கு 45 வயதுக்கு மேலாகிறது. இங்கிலாந்தின் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலில் 1970களில் மூன்று முறை சளிக்காய்ச்சல் பரவியது. ஹாஸ்கின்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் மூன்று பரவலையும் பின்தொடர்ந்து, 1979இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். புதிதாக ஊசி போட்டவர்களுக்கு அந்த ஆண்டு பாதுகாப்பு கிடைத்தது. ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு மூன்று பரவலையும் சேர்த்துப் பார்த்தபோது நீண்டகால ஆதாயம் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1983 முதல் 1988 வரை ஐந்து ஆண்டுகள் பெரியவர்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டதால் பாதுகாப்பு சரிந்ததாகத் தெரியவில்லை. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள்.

2 மே, காலை 6.30

ஒருவர் கேட்டிருக்கிறார், "அந்த இங்கிலாந்து மருத்துவமனை ஊழியர்களுக்கு எத்தனை வயது?" என்று. நான் விளக்கியிருக்க வேண்டும். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்பது மருத்துவமனை அன்று, பள்ளிக்கூடம். விடுதியில் தங்கிப் படித்த பையன்கள். ஒரே கூடத்தில் சாப்பாடு, ஒரே அறையில் தூக்கம்.

5 மே, இரவு 9.50

இரண்டு ஆய்வுகளும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? நான்கு நாட்களாக மனத்தில் ஓடிய கேள்வி இது. 1999இல் டெரெக் ஸ்மித் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றுவரை பொருந்துகிறது.

மூன்று கிருமிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு ஊசியில் இருந்தது, இந்த ஆண்டு ஊசியில் இருப்பது, இப்போது வெளியில் உலவுவது. முதல் இரண்டும் நெருங்கிய சாயலில் இருந்தால், போன ஆண்டின் எதிர்ப்பொருள் இந்த ஆண்டு ஊசியைப் பார்த்ததும் பாய்ந்து மூடிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள உடம்புக்கு வாய்ப்பு குறைகிறது. வெளியில் உலவுவதும் அதே சாயல் என்றால் கவலை இல்லை, பழைய எதிர்ப்பொருளே அதையும் பிடித்துவிடும். வெளியில் உலவுவது மட்டும் விலகிப் போய்விட்ட ஆண்டுதான் சிக்கல்.

எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்காரர் நான் மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போதே கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) ஊற்றத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டி, தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் கேட்க நினைத்திருப்பேன். வாய் திறப்பதற்குள் கோப்பை மேசைக்கு வந்துவிடும். அன்பான மனிதர், நினைவாற்றலும் அபாரம். பழைய கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் தயாரிக்க உதவும் நினைவு பி செல்கள் செய்வதும் அதுதான். முகச்சாயல் தெரிந்தவுடன் வழக்கமானதை ஊற்றிவிடுகின்றன.

எதிர்ப்பாற்றல் வற்றிப்போகிறது என்று சொல்வதைவிட, பழைய நினைவு புதிய பாடத்தை முந்திக்கொள்கிறது என்று சொல்வது பொருத்தம். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

8 மே, பகல் 2.00

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 2007இல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் போட்ட ஊசிகளையெல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். 2017 வரை நவம்பர் மாத ஊசி. 2018 முதல் மே மாத ஊசி. 2009 பெருந்தொற்று (பன்றிக்காய்ச்சல்) ஊசியைத் தனியாக வைத்தால் மொத்தம் 18. நேற்று உட்கார்ந்து ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அந்த ஊசியில் எந்தெந்தக் கிருமிகள் இருந்தன என்று எழுதினேன். உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும் பட்டியல் வெளியிடுகிறது. பழைய பட்டியல்களும் கிடைக்கின்றன.

ஊசியில் ஏ வகைக் கிருமிகள் இரண்டும் (எச்1என்1, எச்3என்2) அவற்றோடு பி வகையும் இருக்கும். எழுதி முடித்தபோதுதான் கண்ணில் பட்டது. 2010 முதல் 2016 வரை நான் போட்ட ஏழு ஊசிகளிலும் எச்1என்1 பகுதி ஒன்றேதான்: ஏ/கலிபோர்னியா/7/2009. ஏழு ஆண்டும் ஒரே பாடம். போன ஆண்டு மே மாத ஊசியையும் இந்த மே மாத ஊசியையும் பாருங்கள். எச்1என்1 இரண்டிலும் ஏ/விக்டோரியா/4897/2022. பி வகை இரண்டிலும் பி/ஆஸ்திரியா/1359417/2021. எச்3என்2 மட்டும் தாய்லாந்து வகையிலிருந்து குரோஷியா வகைக்கு மாறியிருக்கிறது. மூன்றில் இரண்டு மாறவில்லை. நான்காவதாக இருந்த பி/யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படாததால் அதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்துவிட்டார்கள்.

இன்னொரு வரியில் கை நின்றுவிட்டது. 2013 நவம்பர், எச்3என்2: ஏ/டெக்சஸ்/50/2012. 2014 நவம்பர்: அதே ஏ/டெக்சஸ்/50/2012. அந்தக் குளிர்காலத்தில் வட கோளத்தில் உலவிய எச்3என்2 டெக்சஸ் வகையிலிருந்து நன்றாக விலகிவிட்டது. 5ஆம் தேதி நான் எழுதிய சிக்கலான ஆண்டு இதுதான். கனடாவில் அந்தப் பருவத்தை ஆராய்ந்தவர்கள், முந்தைய ஆண்டும் ஊசி போட்டவர்களிடம் பாதுகாப்பு மிக மோசமாக இருந்ததைக் கண்டார்கள்.

2015 ஜனவரியில் எனக்குச் சளிக்காய்ச்சல் வந்தது.

8 மே, இரவு 11.40

பகலில் அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாள் காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஓர் உறுத்தல் மட்டும். ஊசிதான் போட்டிருக்கிறோமே என்ற நினைப்பில் இரண்டு பணிமுறைகளையும் முடித்தேன். வார்டில் ஆள் குறைவு, விடுப்புக் கேட்கவும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. பரிசோதனையில் ஏ வகை என்று வந்தது. அந்த இரண்டு நாளும் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்த ஒரு பாட்டியை நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னைத் "தங்கம்" என்று கூப்பிடுவார். பேத்தி கொண்டுவரும் ஆரஞ்சில் ஒரு சுளையை என் சட்டைப் பையில் திணித்துவிடுவார். நான் படுத்த நாளில் அவருக்கும் காய்ச்சல் தொடங்கியது. பிறகு நுரையீரல் அழற்சி. ஒன்பது நாளில் இறந்துவிட்டார்.

வார்டில் அந்த வாரம் இருமிக்கொண்டிருந்தவர்கள் பலர். பார்வையாளர்களும் வந்து போனார்கள். யாரிடமிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து இங்கே சொல்கிறேன்.

9 மே, காலை 7.15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தொடர்ந்து போட்ட ஊசிதான் உங்களைக் கவிழ்த்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஆளின் ஒரே காய்ச்சலிலிருந்து எதையும் நிறுவ முடியாது. கிருமி விலகிப்போன ஆண்டில் முதல் முறை ஊசி போட்டவர்களும் படுத்தார்கள்.

ஆய்வுகளை வாசிக்கும்போதே கவனிக்க வேண்டிய ஒரு பொறியும் இருக்கிறது. போன ஆண்டு ஊசி போடாதவர்களில் கொஞ்சம் பேருக்குப் போன ஆண்டு சளிக்காய்ச்சலே வந்திருக்கும். வந்து போன நோய் ஊசியைவிட அகலமான பாதுகாப்பைத் தரும். அவர்கள் இந்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருந்தால், "புதிதாகப் போட்டவர்களுக்கு ஊசி நன்றாக வேலை செய்கிறது" என்று கணக்கு காட்டும். ஆண்டுதோறும் போட்டவர் போன ஆண்டு நோயிலிருந்து தப்பித்ததே இந்த ஆண்டு அவருக்கு எதிரான புள்ளியாக விழும். தாதியரிடம் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல், நாம் நாள் முழுவதும் கிருமிக்கு நடுவில் நிற்பவர்கள்.

12 மே, மாலை 6.00

வெசாக் விடுமுறை. பெரியத்தை வீட்டுக்குப் போயிருந்தேன், வயது 76. என் நோட்டை அவரிடம் காட்டினேன். ஒரு வரியில் சிங்கப்பூர் என்று இருந்ததைப் பார்த்து, "நம் ஊர்ப் பெயரை ஏன் நோய்க்கு வைத்தார்கள்?" என்று கோபப்பட்டார். 2018 மே ஊசியின் எச்3என்2 பகுதி ஏ/சிங்கப்பூர்/ஐஎன்எஃப்ஐஎம்எச்-16-0019/2016. மாதிரி எடுத்த ஊரின் பெயர், அவ்வளவுதான் என்று விளக்கினேன். 1986இல் மாதிரி எடுத்த ஓர் எச்1என்1உம் நம் பெயரோடு ஊசிக்குள் போயிருக்கிறது. 1957 பெருந்தொற்றின் எச்2என்2 கிருமிகளில் ஒன்றுக்கும் ஏ/சிங்கப்பூர்/1/57 என்று பெயர்.

1957 என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு எட்டு வயது. வீட்டில் ஒன்பது பேரும் ஒரே வாரத்தில் படுத்தார்களாம். கஞ்சி வைக்கக்கூட எழுந்து நிற்க ஆள் இல்லாமல், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாசலில் பானையை வைத்துவிட்டுப் போவாராம்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. 1957க்கு முன் பிறந்தவர்கள் முதலில் சந்தித்தது எச்1என்1. 1957க்கும் 1968க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு எச்2என்2. அதன்பின் எச்3என்2, 1977இல் எச்1என்1 திரும்பி வந்ததிலிருந்து இரண்டும். முதலில் சந்தித்த கிருமியின் முத்திரை வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. தாமஸ் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் 1960இல் இதற்குக் கிறிஸ்தவ சமயக் கோட்பாட்டிலிருந்து "முதல் பாவம்" என்ற சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம்மவர்கள் சொன்னதே போதும். பாவம் என்றால் கெடுதல் மட்டும்தான் தெரியும். பறவைக்காய்ச்சல் வகைகளை வைத்து 2016இல் வந்த ஆய்வில், பிள்ளைப் பருவத்து முத்திரையே சில வயதினரைக் கடுமையான நோயிலிருந்து காத்தது தெரிந்தது.

14 மே, இரவு 10.25

தம்பி ஒருவர் கேட்கிறார்: "அப்படியென்றால் ஓராண்டு விட்டு ஓராண்டு போட்டால் என்ன அக்கா?"

நானும் இதை யோசித்திருக்கிறேன். 2023இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைச் சொல்கிறேன். போன ஆண்டும் இந்த ஆண்டும் போட்டவர்களை, இந்த ஆண்டு மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டும் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு சராசரியாக எச்1என்1இல் 9, எச்3என்2இல் 18, பி வகையில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. எச்3என்2இல் 50 இருக்க வேண்டிய இடத்தில் 32 என்று வைத்துக்கொள்ளலாம். இழப்புதான், சின்ன இழப்பும் அல்ல.

ஆனால் ஊசியே போடாத ஆண்டில் அந்த 32உம் கிடையாது. இரண்டு ஆண்டும் போட்டவர்கள், இந்த ஆண்டு போடாதவர்களைவிட நன்றாகவே காக்கப்பட்டார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. அடுத்த ஆண்டு 18 புள்ளி கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று இந்த ஆண்டு வெறுங்கையோடு வார்டுக்குள் போக வேண்டும். எந்த ஆண்டு கடுமையாக இருக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவர் யார்? தம்பி, எனக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

நார்வேயின் பெர்கன் நகரில் 2009 பெருந்தொற்று ஊசி போட்ட மருத்துவமனை ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்தவர்களிடம், பல வகைக் கிருமிகளை அடையாளம் காணும் நினைவு டி செல்கள் (எதிர்ப்பொருள் தவிர உடம்பிடம் உள்ள இன்னொரு காவல்) நீடித்து நிலைத்திருந்தன. எதிர்ப்பொருளை மட்டும் அளந்து முழு எதிர்ப்பாற்றலையும் எடைபோட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 29ஆம் தேதி நான் மடங்குக் கணக்கிலேயே நின்றுவிட்டது குறைதான்.

17 மே, காலை 9.00

சிங்கப்பூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாடுகளில் சளிக்காய்ச்சலுக்கு ஒரு பருவம், அதற்குமுன் ஓர் ஊசி. இங்கே ஆண்டு முழுவதும் கிருமி உலவுகிறது, ஆண்டு இறுதியையொட்டி ஒரு முறையும் நடு ஆண்டில் ஒரு முறையும் ஏறுகிறது. மே மாதம் போட்ட எதிர்ப்பொருள் டிசம்பருக்குள் கணிசமாக இறங்கிவிடுகிறது. அதனால்தான் டான் டோக் செங் மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுப் பார்த்தார்கள்.

17 மே, காலை 9.40

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஆண்டுக்கு இரண்டு ஊசி கேட்டுப் போய்விட வேண்டாம். அந்த ஆய்வு 65 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்களிடம் செய்தது. முப்பது வயதுத் தாதிக்கு அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சொல்லாமல் விட்டது என் தவறு.

20 மே, இரவு 11.05

"நமக்காகவா நோயாளிக்காகவா போடுகிறோம்?" என்று கேட்டவருக்கு: ஸ்காட்லாந்தில் முதியோர் தங்கும் 20 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஊழியர்களுக்கு ஊசி வழங்கிய இடங்களில் நோயாளிகளின் இறப்பு 13.6 விழுக்காடு, வழங்காத இடங்களில் 22.4. இந்த எண்களை நான் பல பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். வகுப்பில் சொல்லாதது ஒன்று உண்டு. நோயாளிகளிடம் முறையாக எடுத்த மாதிரிகளில் கிருமி தென்பட்ட விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. அந்த இறப்பு வேறுபாடு முழுவதையும் ஊசிக்கு வரவு வைக்க எனக்கு மனம் இல்லை.

2003இல் சார்ஸ் வந்தபோது நான் தாதிமைக் கல்விக்கு விண்ணப்பித்திருந்தேன். சிங்கப்பூரில் பாதிக்கப்பட்ட 238 பேரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் சுகாதாரப் பணியாளர்கள். அம்மா விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொல்லி அழுதார். மருத்துவமனையில் நோய் ஊழியருக்கு வரும், ஊழியரிடமிருந்தும் போகும் என்று அப்போதே புரிந்துகொண்டுதான் சேர்ந்தேன். ஊசி போட்டிருக்கிறேன் என்பதற்காகத் தொண்டை உறுத்தலோடு இனி வார்டுக்குள் போக மாட்டேன். 2015க்குப் பிறகு ஒரு முறையும் போகவில்லை. ஆள் குறைவு என்று தொலைபேசியில் எவ்வளவு கெஞ்சினாலும்.

22 மே, பகல் 1.30

ஊசிக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பெரும்பாலான ஊசி கோழி முட்டையில் வளர்த்த கிருமியிலிருந்து வருகிறது. முட்டையில் நன்றாக வளர எச்3என்2 தன் மேற்புரதத்தை மாற்றிக்கொள்கிறது. 2016-17 ஊசியில் அந்தப் புரதத்தின் 160ஆம் இடத்தில் நேர்ந்த மாற்றத்தால் ஒரு சர்க்கரை ஒட்டு காணாமல் போயிருந்தது. வெளியில் உலவிய கிருமியிலோ அது இருந்தது. ஆக ஊசி காட்டிய முகம் வேறு, வாசலுக்கு வந்த முகம் வேறு. அதையே திரும்பத் திரும்பக் காட்டினால் உடம்பு முட்டையின் முகத்தையே மனப்பாடம் செய்கிறது. விலங்கு செல்லில் வளர்க்கும் ஊசியும், கிருமியே இல்லாமல் புரதத்தை மட்டும் தயாரிக்கும் ஊசியும் உலகில் இருக்கின்றன. வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம். புரத ஊசியில் 45. ஊழியருக்குத் தொடர்ந்து போட எது ஏற்றது என்பதை மருத்துவமனைகள் கொள்முதல் விலையோடு சேர்த்தாவது யோசிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கையை நீட்டுகிற நமக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது.

26 மே, மாலை 5.20

கேள்வி கேட்ட தங்கை எழுதியிருக்கிறார். ஊசி போடும் மேசையில் "இந்த ஆண்டு எந்தெந்த வகை?" என்று கேட்டாராம். மேசையில் இருந்த தாதி பெட்டியைத் திருப்பி, அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினாராம். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டார்களாம். தோழி இன்னும் முடிவு செய்யவில்லை. அவரை வற்புறுத்த வேண்டாம், இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள், 8ஆம் தேதி எழுதியதையும் சேர்த்து.

நானும் இன்று காலை பணி தொடங்குமுன் போட்டுக்கொண்டேன். நோட்டில் பத்தொன்பதாவது வரி: 26.5.2025, இடது கை, விக்டோரியா 4897, குரோஷியா, ஆஸ்திரியா. வரியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலியாக விட்டிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் தேதியை அங்கே எழுதுவேன்.